இடி இடித்த பிறகு எடுத்த படங்கள்

கிணற்றடியில் யாரோ நிற்பதாக என் மகள் முதல் தடவை சொன்னபோது நான் செருப்பைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

“அம்மா, கிணத்துக்கிட்ட ஒரு ஆளு உண்டு.”

“இப்பமா?”

“இல்ல. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தப்பம்.”

“ஆணா, பெண்ணா?”

என் குரல் மாறியதை அவள் கவனித்துவிட்டாள். அதற்கு மேல் எத்தனை முறை கேட்டும் “தெரியல்ல” என்ற ஒரு சொல்தான் வந்தது.

அவள் அப்போது நான்காம் வகுப்பு. பள்ளி வேன் பிற்பகலிலேயே அவளை வாசலில் இறக்கிவிடும். கேரளத்தில், நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்துக்கொண்டிருந்த நான், வெள்ளறடை பஸ் பிடித்து வீடு வந்து சேரும்போது வெளிச்சம் மங்கியிருக்கும். கணவர் வளைகுடாவில் இருந்தார். இடைப்பட்ட நேரத்தில் வீட்டில் அவள் மட்டும்தான். வீட்டின் பின்புறம் கிணறு, கிணற்றைத் தாண்டினால் ரப்பர்த் தோட்டம். வரிசை வரிசையாக ஒரே தடிமனில் மரங்கள். வெயில் நாளிலும் நாலு மணிக்கே அங்கே இருட்டு கட்டிவிடும்.

குழந்தையின் கற்பனை என்று விட்டிருப்பேன். வாளிதான் விடவில்லை. மோட்டார் போட்ட பிறகு கிணற்றில் யாரும் தண்ணீர் இறைப்பதில்லை. மின்சாரம் இல்லாத நாட்களில் நானும் மகளும் இறைப்பதற்காகக் கப்பியும் கயிறும் வாளியும் கிடந்தன, அவ்வளவுதான். காலையில் நான் வாளியைக் கைப்பிடிச் சுவர்மேல் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அது நிமிர்ந்து, நிறைய தண்ணீரோடு நிற்கும். கயிறு நனைந்திருக்கும். தினமும் அல்ல. சில நாட்களில். எந்தெந்த நாட்களில் என்பதற்கு ஒரு ஒழுங்கும் இல்லை.

வீட்டு முன்னால் போகும் குறுகிய ஒழுங்கையின் எதிர்ப்பக்கம் என் கணவரின் அக்கா குடியிருந்தார். நான் மைனி என்று கூப்பிடுவேன். அவரிடம் சொன்னேன்.

“ரப்பர் வெட்டுகவன் கை கழுவியிருப்பான்” என்றார்.

“அவன் பத்து மணிக்கு முன்னயே பாலெடுத்திட்டுப் போயிருவானே மைனி.”

“பின்ன ஆரு? தண்ணி கோரிக் குடுத்திட்டுப் போக கள்ளன் வாறானா? கள்ளன்னா வெண்கல உருளியையில்லா தூக்குவான்?”

சிரித்தாலும் அவருக்கும் மனம் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைத் தன் வீட்டுக்கே அனுப்பச் சொன்னார். இரண்டு நாள் போனாள். இரண்டு நாளும் நான் வரும்போது எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

“இங்கின இருந்து எழுதிட்டுத்தான் இருந்தா” என்றார் மைனி. “நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டுத் திரும்பிப் பாத்தா ஆளக் காணல்ல. போறேன்னு ஒரு வார்த்த சொல்லாண்டாமா ஏட்டி, உனக்க மகளுக்கு?”

மகளிடம் கேட்டேன். பெரியம்மா வீட்டிலிருந்து எப்போது வந்தோம் என்பது அவளுக்கு நினைவில்லை. அப்போது அதை அடம் என்று நினைத்தேன்.

வாளி நனைந்திருக்கிறது என்று எந்தப் போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்வது? மைனிக்கு அந்த நேரம் கறவை, பிறகு சொசைட்டிக்குப் பால் கொண்டுபோக வேண்டும். என்னால் வேலையை விட முடியாது. நான் இல்லாத நேரத்தில் என் வீட்டுப் பின்புறம் வருவது யார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஆகவே எனக்குத் தெரிந்த வழியில் இறங்கினேன்.

வங்கிகளிலும் நகைக்கடைகளிலும் வைத்திருந்த, டேப்பில் பதியும் கண்காணிப்பு சாதனத்தின் விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கமே போகவில்லை. பிரிண்டர் வாயில் செருகும் உருண்டைக் கேமரா ஒன்று புதிதாக வந்திருந்தது. அதன் வயர் மேஜை விளிம்பைத் தாண்டாது, கிணற்றை எப்படி எட்டும்? மிஞ்சியது டிவி கார்டு. கணினியில் டிவி பார்ப்பதற்காக உள்ளே செருகுவது. அதில் ஆன்டெனா வாயோடு, வீடியோ நேராக வரும் வாய்களும் இருக்கும். அங்கே கேமராவை மாட்டினால் கணினிக்குப் படம் கிடைக்கும்.

கார்டோடு வரும் மென்பொருள் டிவி காட்டும், நாம் பொத்தானை அமுக்கினால் ஒரு படம் எடுக்கும். நான் இல்லாத வீட்டில் பொத்தானை அமுக்குவது யார்? ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் சிடி இலவசமாக வந்திருந்தது. கல்லூரியில் கழித்துப்போட்ட மெதுவான கணினி ஒன்றை வாங்கி அதில் ஏற்றினேன். லினக்ஸில் நாலைந்து வரி எழுதினால் போதும். கேமராவைப் பார், படம் எடு, நேரத்தையே பெயராக வைத்துச் சேமி, மறுபடி பார் என்று அது பாட்டுக்குச் செய்துகொண்டிருக்கும். ஒரே ஒரு சிக்கல், லினக்ஸுக்கு எல்லா கார்டுகளையும் தெரியாது. சிப்பின் முதுகில் 848 என்ற எண் இருந்தால் தெரியும். அட்டைப் பெட்டியில் அந்த எண்ணை யாரும் அச்சடிப்பதில்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு கடை. கடைக்காரர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரர், என் பேச்சைக் கேட்டதும் மலையாளத்தை விட்டுத் தமிழுக்கு வந்தார்.

“எல்லாம் ஒண்ணுதான் டீச்சறே. சினிமா தெரியும், கிரிக்கெட் தெரியும்.”

“எனக்கு டிவி வேண்டாம். உள்ள இருக்கிய சிப்பப் பாக்கணும்.”

“டிவி வேண்டாம்னு சொல்லிட்டு டிவி கார்டு எடுக்க வந்த ஆள இப்பத்தான் காணேன்.”

ஆனாலும் பெட்டிகளைத் திறக்க விட்டார். முதல் இரண்டும் வேறு சிப். மூன்றாவது கார்டு நசுங்கிய பெட்டியில் அலமாரியின் அடியில் கிடந்தது. சிப்பின்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் கிளப்பப் போனேன்.

“அதப் பிச்சா கம்பெனிக்காரன் திருப்பி எடுக்கமாட்டான் கேட்டேளா.”

“நான் எடுத்துக்கிடுவேன்லா.”

ஸ்டிக்கருக்கு அடியில் 848 இருந்தது. “இது உங்களுக்கு வேண்டாம்” என்று அவரே தடுத்தார். “டியூனர் சரியில்ல. ஒரு சேனலும் பிடிக்காது. அதாக்கும் இங்கயே கெடக்கு.” சேனல் பிடிக்காத கார்டுதான் எனக்கு வேண்டியது என்று சொன்னேன். கேமராவிலிருந்து வரும் படத்துக்கு டியூனர் எதற்கு? மற்ற கார்டுகளின் விலையில் பாதிக்குக் கொடுத்தார்.

“இதக்கொண்டு என்ன செய்யப் போறிய?”

“வீட்டுக்குக் காவலுக்கு.”

“ஏன், வீட்டுல ஆளில்லியா?”

“மக உண்டு. சின்னவ.”

அதன்பிறகு அவர் கேலி செய்யவில்லை. ஈரம் படக்கூடாது என்று கார்டை இரண்டு கவரில் சுற்றித் தந்தார்.

வாசல் மணியோடு வருகிற வகைக் கேமரா இரண்டு வாங்கினேன். கறுப்பு வெள்ளை, விரல்நுனி அளவு லென்ஸ். ஒன்றைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்துப் பின்புற இறவாரத்தில் கிணற்றைப் பார்த்து மாட்டினேன். இன்னொன்றை ஹாலில் அலமாரி மேல், அவள் உட்கார்ந்து எழுதும் மேஜையைப் பார்த்து. கார்டில் வீடியோ வாய் இரண்டு இருந்ததால், கணினி சில நொடி கிணற்றையும் சில நொடி ஹாலையும் மாறி மாறிப் பார்க்கும்படி எழுதினேன்.

“கிணத்தையாக்கும் போட்டோ பிடிக்கிய?” என்றார் மைனி. “அது சிரிக்குமா?”

முதல் வாரம் நல்லபடியாகப் போனது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து அன்றைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பேன். கொடியில் ஆடும் துணி. மைனியின் கோழி. ஒரு தடவை கீரி. மீதியெல்லாம் ஆளில்லாத கிணறு. ஆளில்லாத ஒரே இடத்தை நூற்றுக்கணக்கான தடவை பார்க்கும்போது மனம் ஒரு மாதிரி ஆகிவிடும். அடுத்த படத்தில் யாராவது இருந்துவிடக் கூடாது என்றும், இருந்துவிட்டால் தேவலை என்றும் ஒரே சமயத்தில் தோன்றும்.

பிறகு ஒரு படத்தில் ஆள் இருந்தது.

கிணற்றுச் சுவருக்கு மேலே, காற்றில், என் மகள் உட்கார்ந்திருந்தாள். தலை குனிந்து பென்சில் பிடித்திருந்தாள். அவள் உடம்பு வழியாகக் கப்பிக் கயிறு தெரிந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். ஹாலில் அவள் அவல் தின்றுகொண்டிருந்தாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல மக்கா. தின்னு.”

காரணம் கண்டுபிடிக்க அந்த இரவு போதுமானதாக இருந்தது. டிவிப் படம் என்பது இரண்டு பாதி. ஒற்றை வரிகள் ஒரு பாதி, இரட்டை வரிகள் மறு பாதி. கணினி ஒரு கேமராவிலிருந்து மற்றதற்கு மாறும் கணத்தில் படம் எடுத்தால், ஒரு பாதி கிணறாகவும் மறு பாதி ஹாலாகவும் வந்து இரண்டும் கலந்துவிடும். மாறியதும் முதல் சில படங்களைத் தள்ளிவிடும்படி எழுதினேன். பெரும்பாலும் சரியானது. கணினி திணறும் நேரங்களில் மட்டும் அவள் மறுபடி கிணற்றின்மேல் உட்காருவாள். காரணம் தெரிந்த பிறகும் அந்தப் படங்களை வேகமாகத் தள்ளினேன்.

இதற்கிடையில் வாளி இரண்டு தடவை நனைந்திருந்தது. இரண்டும் மழை நாட்கள். அந்த நாட்களின் படங்கள் பாதியில் நின்றிருந்தன. அதற்கும் காரணம் உண்டு. ஐப்பசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் பிற்பகலுக்குப் பிற்பகல் இடி. மலைப்பக்கம் முதல் உறுமல் கேட்டதும் எந்த வீட்டிலும் டிவி பிளக்கை உருவிவிடுவார்கள், ஆன்டெனா வயரைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே எறிவார்கள். பேசத் தெரிவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு அது பழகிவிடும். என் மகளுக்கு இடி என்றால் நடுக்கம். தூரத்து லாரிச் சத்தத்துக்கே எழுந்து பிளக்கைப் பார்ப்பாள். இடி நாளில் கணினியும் நிற்கும், படமும் நிற்கும். அப்படித்தான் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கும்போது மழை ஓய்ந்து ஒழுங்கையில் செம்மண் நீர் ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானத்திலிருந்து நல்ல இடி. வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுந்தது கணினியின் விசிறி. அது ஓடிக்கொண்டிருந்தது.

மகள் மேஜைமேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். முடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. யூனிபார்மும் முழுக்க ஈரம்.

எழுப்பினேன். “மழையில போனியா?”

“இல்லியே.”

“இடிக்கும்போ பிளக்க ஊரல்லியா?”

அவள் சுவரில் பிளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “இடிச்சா?” என்று கேட்டாள்.

தலையைத் துவட்டி, உடை மாற்றி, சுக்குக் காப்பி கொடுத்தேன். பிறகு படங்களைத் திறந்தேன்.

வானம் இருண்டு வந்தது. மழை கோடுகளாக விழுந்தது. ஒரு படம் முழுக்க வெள்ளை. மின்னல். அதற்குப் பிறகு படங்கள் இருக்கக் கூடாது. இருந்தன. அடுத்தது ஹால். மேஜை, திறந்த புத்தகம், காலியான நாற்காலி. அடுத்தது கிணறு. கிணற்றருகில் என் மகள்.

இரண்டு படங்களும் கலந்துவிட்டன என்று என் மனம் உடனே சொன்னது. அதைப் பிடித்துக்கொள்ளத்தான் பார்த்தேன். ஆனால் கலப்புப் படத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள், கூடவே நாற்காலியும் வரும். இதில் நின்றாள். அவள் வழியாகக் கயிறு தெரியவில்லை. கயிறு அவள் கையில் இருந்தது.

அடுத்த படத்தில் வாளி மேலே வந்துகொண்டிருந்தது. அதற்கடுத்ததில் வாளி சுவர்மேல் நின்றது. அவள் இடது கை பாவாடை விளிம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தது. வரிசையாகப் பல படங்களில் அதே இடம், அதே கை. மழையில் ஒரு குழந்தை நிற்பது மாதிரி அவள் தோளைக் குறுக்கி நிற்கவில்லை. வெயிலில் நிற்பது மாதிரி நின்றாள். பிறகு இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி உள்ளே எட்டிப் பார்த்தாள். தலை தெரியவில்லை. ஒரு படத்தில் அவள் கால்கள் தரையில் இல்லை.

அடுத்த படம் ஹால். காலி நாற்காலி. அதற்கடுத்த படம் வர நான் விசையை அமுக்க வேண்டும். அவள் என் முதுகுக்குப் பின்னால் காப்பி குடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்படியிருந்தும் என்னால் அமுக்க முடியவில்லை. வாளியோடு அவள் நின்ற படத்துக்குத் திரும்பிப் போனேன்.

“இவளாக்கும்” என்றாள் மகள், என் தோளருகில் வந்து நின்று.

“ஆரு?”

“நான் சொன்னேன்லா. கிணத்துக்கிட்ட நிக்கியது. இவதான்.”

“இது ஆரு மக்கா?”

திரையை நன்றாகப் பார்த்தாள். “தெரியல்ல. எனக்க உடுப்பப் போட்டிருக்கா.” பிறகு குரலைத் தாழ்த்தி, “அங்க நின்னு வா வான்னு என்ன விளிப்பா. நான் போவமாட்டேன்” என்றாள்.

மைனியைக் கூப்பிட்டேன். அவர் வந்து முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே திரையைப் பார்த்தார். மகளை ஏதோ எடுத்துவர அடுக்களைக்கு அனுப்பினேன்.

“இது நம்ம பிள்ளயில்லா?”

“ஆமா மைனி.”

மைனி முந்தானையை இடுப்பில் செருகினார். வெளியே போனார். கயிற்றை அறுத்து வாளியோடு ஒழுங்கைக்கு அப்புறம் கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் மாட்டுத் தொழுவத்தின் கதவைக் கழற்றி இழுத்துக்கொண்டு வந்தார். நானும் பிடித்தேன். இரண்டு பேருமாகக் கிணற்றின் வாயில் போட்டு, மேலே துணி துவைக்கும் கல்லை ஏற்றினோம்.

“மாடு ராத்திரி இறங்கிப் போயிராதா?” என்றேன்.

“போனாப் போட்டு.”

மறுநாள் வெல்டிங் கடையில் கம்பி மூடி செய்யச் சொன்னோம். படங்களைக் கல்லூரிப் பிரிண்டரில் எடுத்துக்கொண்டு, நகரத்தில் மூளை நோய்களைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் மகளைக் கூட்டிப்போனேன். அவர் தாள்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். கிணற்றையோ மழையையோ பார்க்கவில்லை. பாவாடையைக் கிள்ளும் அந்த இடது கையை ஒவ்வொரு தாளிலும் தேடிப் பார்த்தார். தலையில் வயர்கள் ஒட்டிச் சோதனை செய்தார்கள்.

வலிப்புதான் என்றார். விழுந்து துடிக்கிற வகை அல்ல. இந்த வகையில் பிள்ளை நடக்கும், பழகிய காரியத்தைக் கை செய்யும், ஆனால் தான் செய்வது தெரியாது, பிறகு நினைவும் இருக்காது. வருவதற்குச் சற்று முன் சிலருக்குத் தாங்களே எதிரில் நிற்பதுபோலத் தெரிவதுண்டு என்றும் சொன்னார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த அறையின் ஜன்னலைச் சாத்த வேண்டும்போல இருந்தது. வரும்போது சத்தம் போடக் கூடாது, இறுக்கிப் பிடிக்கக் கூடாது, ஆபத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் நின்றால் போதும் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

முதல் மாத்திரையை விழுங்கிவிட்டு மகள் என்னிடம், “அவளுக்குக் குடுக்காண்டாமா?” என்று கேட்டாள். நான் தம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

நீண்ட விடுப்பு எடுத்தேன். வாரங்கள் போயின, ஒன்றும் இல்லை. மழைக்காலம் முடிந்தது. வானம் வெளுத்து, இடியில்லாத பிற்பகல்கள் வந்தன. அப்படி ஒரு பிற்பகலில் ஹாலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். பென்சில் சத்தம் நின்றது. தண்ணீர் குடிக்கப் போகிறவள்போல எழுந்து பின்வாசல் வழியாகப் போனாள்.

ஓடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். அவள் கிணற்றடியில் நின்று வலது கையைக் கம்பி மூடியின்மேல் வைத்திருந்தாள். இடது கை பாவாடையைக் கிள்ளியது. உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. நான் அவளுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு கையை நீட்டி, தொடாமல் நின்றேன். அவ்வளவு அருகில் நின்றும் அவள் கண்ணில் நான் இல்லை. அவள் கிணற்றுக்குள் பார்க்கவில்லை. கிணற்றின் அந்தப் பக்கம், ரப்பர்த் தோட்டத்தின் முதல் வரிசைக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளின் முகத்தைப் பார்ப்பதுபோல, கொஞ்சம்கூட நிமிராமல், தன் உயரத்திலேயே பார்த்தாள். காற்றில்லை. ஓர் இலை அசையவில்லை.

பிறகு கை நின்றது. கண் சிமிட்டினாள்.

“அம்மா. நீ எப்பம் வந்த?”

“இப்பத்தான் மக்கா.”

அவள் கம்பியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். என் சேலையைப் பிடித்துக்கொண்டு என்னோடு ஒட்டி நின்றாள்.

“அவ போயிட்டாளா?”

நோயின் பெயர் எனக்குத் தெரியும். மாத்திரையின் அளவு தெரியும். அந்தச் சோதனைத் தாளில் எந்தக் கோடு எங்கே துள்ளுகிறது என்றுகூட டாக்டர் எனக்குக் காட்டியிருக்கிறார். அப்படியிருந்தும் பதில் சொல்வதற்கு முன் நான் தலையைத் திருப்பி, கிணற்றின் அந்தப் பக்கத்தை நன்றாகப் பார்த்தேன்.

“போயிட்டா” என்றேன்.